எறும்புக் கடி

மைனா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் ஒலிப்பதிவுக் கூடத்துச் சவுண்ட்காரர். யார் பேச்சையும் ஒருமுறை கேட்டால் போதும், அச்சு அசலாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தொலைக்காட்சித் தொடர்களில் வாயசைப்பது ஒருத்தி, பேசுவது இவள். ஊரே அவள் குரலைக் கேட்டது. ஊரில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. அதில் அவளுக்குக் குறையும் இல்லை. "முகத்தை நம்பினா முடி நரைச்சதும் வேலை போயிடும். குரலுக்கு ஏது நரை?" என்பாள்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரே தொடரில் இரண்டு வேஷம் கிடைத்தது. ஒன்று, பிள்ளைகளுக்கு மயக்க ஊசி போட்டுக் கடத்திக்கொண்டு போகும் நர்ஸ். இன்னொன்று, அந்த நர்ஸிடம் அகப்பட்டு இருட்டு அறையில் கிடக்கும் சின்னப் பையன். மோவாயை நெஞ்சில் அழுத்தி, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பேசினால் பையன். உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு கலையாமல் பேசினால் நர்ஸ். பையன் குரலில் "அம்மா... வெளக்கைப் போடும்மா" என்று அவள் விசும்பியபோது, எத்தனையோ அழுகையைப் பதிவு செய்து காது காய்த்துப்போன சவுண்ட்காரரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நர்ஸ் பேச வேண்டிய வசனம்தான் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. "அழாதே குழந்தாய், வலிக்காது" என்று எழுதி வைத்திருந்தார் டைரக்டர்.

"எந்த நர்ஸ் சார் இப்படிப் பேசுவா? நான் ஒண்ணு சொல்லிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள் மைனா.

அவள் சொல்லிப் பார்த்தது அவளுடைய நாத்தனாரின் பேச்சை. கணவரின் தங்கை, அரசாங்கத் தடுப்பூசி நர்ஸ். வீட்டில் கடைக்குட்டி என்பதால் முப்பது வயதைத் தாண்டியும் பாப்பாதான். அண்ணன் வீட்டிலேயே தங்கி, தெருத்தெருவாகத் தடுப்பு மருந்து வைத்த பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவள். ஊசியைக் கண்டு வீறிடும் பிள்ளையிடம் பாப்பா குனிந்து சொல்வாள்: "கண்ணு, அக்காவைப் பாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான். அட, போயிடுச்சே எறும்பு!" சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகியிருக்கும்.

அதே பேச்சை மைனா சிரிப்பு கலையாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தேனில் தோய்த்தது போலச் சொன்னாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. டைரக்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

தொடர் பிய்த்துக்கொண்டு போனது. சாயங்காலம் அது ஓடும் நேரத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது. சந்துப் பிள்ளைகள் குச்சியை ஊசியாக்கி, "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று ஒருவரையொருவர் துரத்தினார்கள். மைனா மாடியிலிருந்து அதைப் பார்த்து உள்ளூரப் பூரித்துப்போனாள்.

"என் டயலாக்கைத் திருடி நீங்க பேர் வாங்கிட்டீங்க அண்ணி" என்று பாப்பா சிரித்தாள்.

"திருடினது மைனா, பறிகொடுத்தது பாப்பா. இதை எந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்ல?" என்றார் பஸ் டெப்போ மெக்கானிக்கான கணவர், கை மசியைத் துடைத்தபடி.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

முதலில் ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு வரிசையே திறக்கவில்லை. பாப்பா பனிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனபடியே திரும்பி வந்தாள். ஒருநாள் மாடியிலிருந்து யாரோ அழுக்குத் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு முதுகோடு ஒட்டிக் கிடக்க, அவள் நேரே குளியலறைக்குள் போய்விட்டாள்.

"தெரியாம ஊத்தியிருப்பாங்க" என்றாள் மைனா.

"மேலேர்ந்து பார்த்துட்டுதான் ஊத்தினாங்க அண்ணி" என்றாள் பாப்பா, கதவுக்கு உள்ளேயிருந்து.

இரண்டொரு நாளில் மைனாவின் கைப்பேசிக்கே ஒரு செய்தி வந்தது. தொடரில் வரும் நர்ஸின் படம். அதன் கீழே, இவளைப் போன்ற நிஜக் கும்பல் ஒன்று நம் பகுதியில் இறங்கியிருக்கிறது, வெள்ளைக் கோட்டையும் பனிப்பெட்டியையும் கண்டால் பிள்ளைகளை உள்ளே பூட்டுங்கள் என்று எழுதியிருந்தது. அனுப்பியவள் கீழ்வீட்டுக்காரி. நல்லவள், பாப்பாவைத் தெரிந்தவள். 'எதற்கும் இருக்கட்டுமே என்று அனுப்பினேன்' என்று கடைசியில் ஒரு வரி வேறு.

மைனா அதை மறுபடி படித்தாள். அன்றே டைரக்டரிடம் போனாள்.

"சார், கதையை மாத்த வேண்டாம். நடுவுல ஒரு நல்ல நர்ஸைக் கொண்டு வாங்க. இல்லைன்னா ஆரம்பத்துல ஒரு வார்த்தை போடுங்க, ஊசிக்குப் பயப்படாதீங்கன்னு. வெளியில ரொம்ப மோசமா இருக்கு."

டைரக்டர் மோசமான மனிதரல்லர். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இது கதைம்மா. கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா ஜனங்க முட்டாளா இருப்பாங்க?"

"போன வருஷம் விழாவுல நீங்கதானே சார் பேசினீங்க? நம்ம தொடரைப் பார்த்துட்டு ஒருத்தன் குடியை விட்டுட்டான், கதையால ஒரு குடும்பம் திருந்திச்சுன்னு? நல்லது மட்டும்தான் ஒட்டுமா? கெட்டது ஒட்டாதா?"

அவர் மேஜையிலிருந்த மகளின் படத்தைச் சற்று நகர்த்தி வைத்தார்.

"உங்க பொண்ணு இந்தத் தொடரைப் பார்க்கிறாளா சார்?"

"சின்னப் பிள்ளைம்மா அவ. பயந்துடுவா. காட்டறதில்லை" என்றவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவர் போல எழுந்து ஜன்னலைத் திறந்தார். "பார்க்கலாம். அடுத்த மாசம் ஏதாவது செய்யலாம்."

அடுத்த மாசம் வரைக்கும் நிலைமை காத்திருக்கவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம். மைனா பதிவு அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. பாப்பா. எடுத்தால் வெறும் மூச்சு. அப்புறம் ஒரு கிசுகிசுப்பு.

"அண்ணி, நான் சலவைக்காரர் கடைக்குள்ள இருக்கேன். ஷட்டரை இறக்கிட்டாரு. வெளிய நிறையப் பேர். உடைக்கப் பார்க்கறாங்க. அண்ணன் எடுக்க மாட்டேங்குது."

"போலீசுக்குப் போட்டியா?"

"வர்றோம்னாங்க. அண்ணி, நான் வாய் தவறிட்டேன். தையல்காரியோட பிள்ளை அழுதிச்சு. பழக்கத்துல, எறும்பு கடிச்ச மாதிரிதான்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். அந்தம்மா பிள்ளையைப் பிடுங்கிட்டுக் கத்த ஆரம்பிச்சிட்டாங்க."

பின்னால் தகரத்தில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. இணைப்பு அறுந்தது.

மைனா போட்டது போட்டபடி ஓடினாள். டாக்சிக்காரன் அவள் சொன்ன இடத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டான். "அந்தச் சந்தா? அங்கேதான் ஊசிக்காரியைப் பிடிச்சு வச்சிருக்காங்களாம்! இப்பதான் போன்ல வந்திச்சு. போலீஸ்ல குடுத்தா நாளைக்கே வெளிய வந்திடுவா. அங்கேயே முடிச்சிடணும்க்கா. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

மைனா அவனையே பார்த்தாள். அவன் சிரித்த முகத்தோடு இருந்தான். கண்ணாடியில் ஒரு குழந்தையின் சின்னக் காலுறை தொங்கியது. குறுக்கே வந்த கிழவருக்கு நிதானமாக வழி விட்டான். இவனா அடிப்பான் என்று நினைத்தாள். அடிப்பான் என்று தோன்றியது. அதுதான் அவளை அதிகமாக நடுங்க வைத்தது.

சந்து முனையில் வண்டி போக முடியவில்லை. இறங்கி இடித்துக்கொண்டு நுழைந்தாள். தரையில் பனிப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள் செருப்புக் காலடியில் நொறுங்கின. சலவைக் கடையின் ஷட்டரை ஓர் இளைஞன் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். அடிப்பக்கம் ஒரு சாண் வளைந்துவிட்டது. அந்த இடுக்கு வழியாக இஸ்திரி நீராவி வெளியே வந்தது. இன்னொருவன் கையில் எண்ணெய் டின். "வெளிய வரலைன்னா புகையைப் போடுங்கடா, தானா வருவா" என்று யாரோ சொன்னார்கள். சொன்ன குரல் ஒரு பெண்ணுடையது.

அவள் எதிர்பார்த்தது வெறி பிடித்த முகங்களை. அங்கே இருந்தவை பயந்த முகங்கள். முன்வரிசையில் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்க, பிள்ளையை மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. எல்லாத் தாய்மாரும் பிள்ளையை ஒரு கையால் பிடித்திருந்தார்கள். மறுகையில் கல்லோ கட்டையோ இருந்தது.

"நிறுத்துங்க! உள்ள இருக்கறது கவர்மென்ட் நர்ஸ். என் நாத்தனார். வருஷக்கணக்கா இந்தத் தெருவுக்கு வர்றவ. உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தினாள் மைனா.

"நாத்தனாரா? அப்ப நீயும் கூட்டாளியா?"

யாரோ அவள் தலைமுடியைப் பின்னாலிருந்து பற்றினார்கள். முதுகில் ஒரு குத்து விழுந்தது. அடுத்த வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஊரையே அழவைத்த தொண்டை அவளுக்கென்று வேண்டியபோது அடைத்துக்கொண்டது. முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். மோவாய் தானாக நெஞ்சில் பதிந்தது. யோசித்து அவள் ஒன்றும் செய்யவில்லை. பயத்தில் எது அகப்பட்டதோ அது வெளியே வந்தது.

"அம்மா... வெளக்கைப் போடும்மா."

தலைமுடியைப் பிடித்திருந்த கை விட்டது. கடப்பாரை நின்றது. இவ்வளவு அருகில், தெருவில், பட்டப்பகலில் அந்தப் பையனின் குரல். தாய்மார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், பிள்ளை எங்கே என்று. ஒருத்தி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, "எந்தப் பிள்ளை? எங்கே இருக்கு?" என்று பதறினாள். சற்று முன் புகை போடச் சொன்ன அதே குரல்.

"நான்தான்" என்றாள் மைனா. இப்போது சொந்தக் குரல் வந்துவிட்டது, கரகரப்பாக. "அந்தப் பிள்ளை கிடையாது. எங்கேயும் கிடையாது. நான்தான் அழறேன். டிவியில பேசறது நான்."

ஒருவரும் நம்பவில்லை. கடப்பாரைக்காரன் நெருங்கி வந்தான். "அப்ப அந்த ஊசிக்காரி?"

அதுவும் நான்தான் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அவள் உதட்டில் சிரிப்பை வைத்தாள். அந்தச் சூழ்நிலையில் அந்தச் சிரிப்பை வரவழைக்க அவள் பட்ட பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருநாளும் பட்டதில்லை. "கண்ணு... அக்காவைப் பாரு" என்று தொடங்கினாள்.

கூட்டம் அலறியது. தையல்காரி வீறிட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். யாரோ ஓங்கி ஓர் அறை விட்டார்கள். மைனாவின் உதடு கிழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ரத்தத்தை விழுங்கிவிட்டுப் பையன் குரலில் அழுதாள். உடனே நர்ஸாகச் சிரித்தாள். மறுபடி சொந்தக் குரலில், "பாருங்க, ஒரே வாய்தான். ஒரே வாய்தான் எல்லாம்" என்றாள். தையல்காரியின் இடுப்பில் இருந்த பிள்ளை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தது.

"டேய், இது அதே குரல்தான்டா. டிவிக்காரிதான் போலிருக்கு" என்றார் ஒரு பெரியவர்.

"இன்னொரு தடவை அழு, பார்ப்போம்" என்றான் கடப்பாரைக்காரன்.

அழுதாள். இன்னொரு தடவை என்றார்கள். மறுபடியும் அழுதாள். எண்ணெய் டின்காரன் டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். "ஊசிக்காரி மாதிரி சொல்லுக்கா, ஊசிக்காரி மாதிரி" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். கொலை செய்ய வந்த கூட்டம் கண்மூடித் திறப்பதற்குள் வேடிக்கை பார்க்கிற கூட்டமாகிவிட்டது. நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமோ என்ற திகிலில் அவள் நிறுத்தாமல் பேசினாள், அழுதாள், சிரித்தாள். போலீஸ் வண்டி சந்துக்குள் வந்தபோது அவளுக்கு எந்தக் குரலில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை.

வளைந்த ஷட்டரைத் தூக்க சலவைக்காரர் உள்ளிருந்தும் போலீஸ்காரர்கள் வெளியிலிருந்தும் மல்லாட வேண்டியிருந்தது. பாப்பா வெளியே வந்தாள். கோட்டைக் கழற்றி எங்கோ எறிந்திருந்தாள். யாருடையதோ ஒரு துவைத்த சட்டையைப் போர்த்தியிருந்தாள். மைனா கையை நீட்டினாள். பாப்பா அதைப் பிடிக்காமல் நொறுங்கிய குப்பிகளைத் தாண்டி நடந்துபோய் வண்டியில் ஏறினாள்.

அன்றிரவு வீட்டில் கணவர் தங்கையின் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா..." என்று ஆரம்பித்து, மைனாவின் வீங்கிய உதட்டைப் பார்த்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

பாப்பா பேசியது இரண்டு நாள் கழித்து. "அண்ணி, உங்க மேல கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நீங்க வந்து காப்பாத்தினீங்க, அதையும் மறக்க மாட்டேன். ஆனா அந்த வார்த்தை என்னோடது. அதைச் சொன்னா பிள்ளைங்க அடங்கும். இனிமே நான் எதைச் சொல்லுவேன்?"



எண்ணெய் டின்காரன் எடுத்த படம் ஊரெல்லாம் பரவியது. அதைத் தொடரின் விளம்பரத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார் டைரக்டர். வெட்கத்தோடுதான் கேட்டார், ஆனாலும் கேட்டார். அவள் தொடரைவிட்டு விலகினாள். "நீ போனா இன்னொருத்தி வருவா. அதனால என்ன ஆகப் போகுது?" என்றார். ஒன்றும் ஆகவில்லைதான். புதிதாக வந்தவள் கெட்டிக்காரி. அதே வசனத்தை அதே தேனில் தோய்த்துப் பேசினாள். ஒருநாள் கீழ்வீட்டிலிருந்து அது மேலே கேட்டபோது, கை வேலையை விட்டுவிட்டு மைனா கதவைத் தாழிட்டாள். தன்னிடமிருந்து போன குரல் தனக்கே பயம் காட்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கதவுகள் அடைத்திருந்த அந்த இடைவெளியில் தட்டம்மை உள்ளே புகுந்தது. சந்தில் பல பிள்ளைகளுக்குக் கண்டது. சலவைக்காரரின் மகளுக்குக் காய்ச்சல் மூளை வரை ஏறியது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் காது போய்விட்டது. பாப்பாவை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கினாரே, அந்த மனிதரின் மகள். மைனா பார்க்கப் போனபோது அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "என் வீட்டுக்காரிக்கும் பயம்மா. நான் சொன்னேன், போட்டுடலாம்னு. டிவியைப் பார்த்துட்டு மாட்டேன்னுட்டா. அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரலை. நானும்தானே பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்."

அங்கிருந்து மைனா நேரே பாப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "நாளையிலேர்ந்து உன்கூட நானும் வர்றேன். பெட்டியைத் தூக்கறேன்" என்றாள். வேண்டாம் என்று பாப்பா சொல்லவில்லை.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள்.  சந்து முனை வந்தால் மைனா, பின்னால் எவனாவது வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். பாப்பாவுக்கும் அப்படித்தான், காட்டிக்கொள்ளமாட்டாள். முதலில் திறந்தது தையல்காரியின் கதவு. அவள் வழிவிட்டு நின்றாள். பிள்ளை மைனாவை அடையாளம் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தது.

"அந்த மாதிரி பேசுங்க அண்ணி" என்றாள் பாப்பா.

"எந்த மாதிரி? வேண்டாம் பாப்பா."

"எந்த வாயிலேர்ந்து வருதுன்னு அது பார்க்கட்டும். கிட்ட உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்க பேசுங்க."

மைனா தரையில் உட்கார்ந்தாள்.  மெதுவாக, பாதி நர்ஸாகவும் பாதி தானாகவும் பேசினாள். பிள்ளை ஓரடி எடுத்து வைத்தது. பிறகு விரலை நீட்டி அவள் தொண்டையைத் தொட்டது. உள்ளே ஏதோ துடிப்பதைக் கண்டு சிரித்தது. பாப்பா ஊசியைப் போட்டாள். பிள்ளை அழுதது, எல்லாப் பிள்ளைகளும் அழுகிற அளவுக்குத்தான் அழுதது. தையல்காரி முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பாதிக் கதவுகள் திறந்தன. சிலர் ஊசிக்காகத் திறந்தார்கள். சிலர் டிவிக்காரியைப் பார்க்கத் திறந்து, திறந்த தோஷத்துக்கு ஊசியும் போட்டுக்கொண்டார்கள்.

கடைக்கோடி வீடு திறக்கவில்லை. பாப்பா தட்டினாள், பெயர் சொன்னாள், ஆஸ்பத்திரி அட்டையைக் கதவிடுக்கில் காட்டினாள். உள்ளே ஒரு பிள்ளை ஏதோ கேட்க வாயெடுத்ததும், அதன் வாயை யாரோ பொத்துவதும் கேட்டது. பிறகு சத்தமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்பது மைனாவுக்குத் தெரிந்தது. அன்று கைப்பேசியில் கேட்ட அந்த மூச்சை அவள் நன்றாக அறிவாள்.

"போகலாமா அண்ணி?"

"கொஞ்சம் இருந்து பார்ப்போம்" என்றாள் மைனா. பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல், வாசற்படியில் உட்கார்ந்தாள்.